டிரைவ்-இன், டிரைவ்-த்ரூ: சிங்கப்பூர்க் காரோட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாகன உரிமைச் சான்றிதழின் விலையைப் பார்த்து, கார் வாங்கும் நினைப்பையே விட்டுவிட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. அதே குடும்பங்கள்தான் பள்ளி விடுமுறை வந்ததும் பெர்த்திலும் மெல்பர்னிலும் கலிஃபோர்னியாவிலும் வாடகைக் கார் எடுக்கின்றன. கார் உள்ளவர்களோ வார இறுதியில் கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் போகிறார்கள். போன இடத்தில் டிரைவ்-த்ரூ சன்னலை எட்ட முடியாமல் திணறுவதும், டிரைவ்-இன்னில் படம் முடிந்தபின் வண்டி கிளம்பாமல் நிற்பதும் அடிக்கடி நடக்கின்றன. இரண்டையும் தவிர்க்கலாம். அதற்கான பதில்கள் இவை.

டிரைவ்-இன், டிரைவ்-த்ரூ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. டிரைவ்-இன் என்றால் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்து சாப்பிடும் அல்லது படம் பார்க்கும் இடம். டிரைவ்-த்ரூ என்றால் ஒரு வழியாக நுழைந்து, சன்னலில் வாங்கிக்கொண்டு, மறுவழியாக வெளியேறும் இடம். முதலாவதற்கு வேண்டியது பரந்த நிலம். இரண்டாவதற்குக் கொஞ்ச நிலம் போதும், ஆனால் ஒவ்வொரு நொடிக்கும் கணக்கு உண்டு. சிங்கப்பூரில் முதலாவது மறைந்து இரண்டாவது ஓரளவு பிழைத்திருப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

நாட்டுக்கு நாடு பொருளும் மாறும். ஜப்பானில் ‘டிரைவ்-இன்’ என்று பலகை இருந்தால் அது நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடை. காரை நிறுத்திவிட்டு உள்ளே போய்த்தான் சாப்பிட வேண்டும். வளைகுடா நாடுகளில் பலகையே கிடையாது. கரக் தேநீர்க் கடையின் முன் நிறுத்தி லேசாக ஹார்ன் அடித்தால் பணியாளர் கார்க் கதவுக்கே வந்து கேட்டுப் போவார். துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சிங்கப்பூரில் டிரைவ்-இன் திரையரங்கு இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஜூரோங்கில், யுவான் சிங் ரோட்டில் கேத்தே நிறுவனம் நடத்தியது. 1971 ஜூலை 14 அன்று திறந்து, 1985 செப்டம்பர் 30 அன்று மூடியது. 899 கார்கள் நிற்கலாம். கார் இல்லாதவர்களுக்கு 300 இருக்கைகள் தனியாக இருந்தன. திரை சுமார் 14 மீட்டர் உயரம், 30 மீட்டர் அகலம். பெரியவர்களுக்கு 2 வெள்ளி, சிறுவர்களுக்கு 1 வெள்ளி. அன்றைக்கு ஆசியாவிலேயே பெரிய டிரைவ்-இன் என்று பெயர் வாங்கிய இடம்.

காரை வரிசையில் நிறுத்தியதும் பக்கத்திலிருக்கும் கம்பத்திலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டியை எடுத்துச் சன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொள்வார்கள். கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றி, அதன் விளிம்பில் பெட்டியின் கொக்கியைப் பொருத்துவது முறை. திரும்பும்போது பெட்டியைக் கழற்ற மறந்துவிட்டு வண்டியை நகர்த்தினால், கம்பி இழுபட்டு அறுந்துபோகும், இல்லையென்றால் சன்னல் கண்ணாடி உடையும். உலகம் முழுக்க இந்தப் பெட்டிகள் வழக்கொழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அது ஏன் மூடப்பட்டது? மறுபடியும் நிரந்தரமாக ஒன்று வருமா?

கூட்டம் குறைந்தது, திருட்டு வீடியோ கேசட்டுகள் பெருகின, அந்தப் பக்கச் சாலைகளில் இரவில் கார்ப்பந்தயக்காரர்கள் தொல்லை கொடுத்தார்கள். இவை அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். அடிப்படையான இரண்டு காரணங்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன: மழையும் நிலமும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. ஆண்டு மழையளவு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல். தூறலில் வைப்பரைப் போட்டுப் படம் பார்க்கலாம். ஆனால் நம் ஊர் மழை கொட்ட ஆரம்பித்தால் திரையும் தெரியாது, பக்கத்துக் காரும் தெரியாது. சன்னலை ஏற்றியாக வேண்டும், ஏற்றியதும் உள்ளே கண்ணாடி வேர்த்துவிடும். அதைப் போக்க ஏர்கான் வேண்டும், ஏர்கானுக்கு எஞ்சின் ஓட வேண்டும். ஒன்று இன்னொன்றை இழுத்துவிடுகிறது.

நிலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காருக்கு ஏறத்தாழ 3 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே வண்டி போய்வரும் பாதையையும் சேர்த்தால் சுமார் 12 மீட்டர். ஆக, ஒரு காருக்கு 36 சதுர மீட்டர். 899 கார்களுக்கு மூன்றேகால் ஹெக்டேர். இதில் திரை, நுழைவாயில், வெளியே காத்திருக்கும் வரிசை எதுவும் சேரவில்லை. அத்தனை இடமும் இரவில் சில மணி நேரம் மட்டுமே சம்பாதிக்கும். அந்த அளவு நிலத்தில் பல வீவக புளோக்குகள் எழுந்துவிடும். அதனால் நிரந்தரமாக ஒன்று வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஓரிரு இரவு நடத்தும் நிகழ்ச்சிகள்தான் இங்கே சாத்தியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டி மறைந்துவிடும், அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். ஏழரைக்கே படம் போடலாம். அமெரிக்காவில் கோடையில் ஒன்பது மணி வரை காத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் முதலில் தொடங்கியது யார்?

ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்ற அமெரிக்கர். நியூ ஜெர்சியின் கேம்டன் அருகே 1933 ஜூன் 6 அன்று முதல் டிரைவ்-இன் திரையரங்கைத் திறந்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், மொத்தமாக ஒரு டாலருக்கு மேல் வாங்கவில்லை.

அவர் காப்புரிமை பெற்றது திரைக்காக அல்ல, தரைக்காக. சமதளத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினால் பின்காரில் இருப்பவருக்கு முன்காரின் கூரைதான் தெரியும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் மண்மேடாக்கினார். முன்சக்கரம் மேட்டில் ஏறி நின்றால் காரின் முகம் சற்றே மேலே தூக்கும், கண் முன்கார்களுக்கு மேலாகத் திரையைப் பார்க்கும். இன்றும் நல்ல டிரைவ்-இன்களில் தரை அலை அலையாகத்தான் இருக்கும். தார் போட்ட சமதளக் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் தற்காலிகக் காட்சிகளில் பின்வரிசைக்காரர்கள் குறைப்படுவதும் இதனால்தான். அங்கே திரையை உயரத் தூக்குவது ஒன்றே வழி.

1950களின் இறுதியில் அமெரிக்காவில் 4,000க்கும் மேல் இருந்தன. இப்போது ஏறத்தாழ 300. நகரம் விரிந்து நிலத்தின் விலை ஏறியது, கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளியதால் இருட்டத் தாமதமானது, வீட்டுக்கே வீடியோ வந்தது. கடைசி அடி 2013, 2014 வாக்கில் விழுந்தது. ஸ்டூடியோக்கள் ஃபிலிம் சுருளை நிறுத்தியதால், ஒவ்வொரு திரைக்கும் பல்லாயிரம் டாலர் செலவழித்து டிஜிட்டல் புரொஜெக்டர் வாங்க வேண்டியதாயிற்று.

காருக்குள் ஒலி எப்படி வருகிறது? நம் குடியிருப்போர் குழுவே ஒரு காட்சி நடத்தலாமா?

இப்போதெல்லாம் எஃப்.எம். அலைவரிசைதான். நுழைவாயிலில் எண்ணைச் சொல்வார்கள், கார் ரேடியோவை அதற்குத் திருப்பினால் போதும். திரைக்கருகே சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருக்கும்.

அந்த டிரான்ஸ்மிட்டரில்தான் சட்டம் வருகிறது. எஃப்.எம். பட்டை எல்லா நாட்டிலும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, வாகன நிறுத்துமிடம் முழுக்க ஒலிபரப்பக் கூடாது. இங்கே தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் முதலில் கேளுங்கள். படத்தைப் பொது இடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதியும் படத்தின் தரப்பிரிவுச் சான்றிதழும் தனியாக வேண்டும். வீட்டில் பார்ப்பதற்குக் கட்டும் சந்தா இதற்குச் செல்லாது.

படம் முடிந்ததும் வண்டி கிளம்பவில்லை என்றால்?

டிரைவ்-இன்னில் அடிக்கடி நடக்கும் சிக்கல் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ரேடியோ மட்டும் ஓடினால் நல்ல பேட்டரி தாங்கும். சாதாரணக் கார் பேட்டரி 45 முதல் 60 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. ரேடியோ எடுப்பது இரண்டு மூன்று ஆம்பியர்தான். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழெட்டு ஆம்பியர்-மணி போகும். ஆனால் பழைய ஹேலஜன் முன்விளக்குகள் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தால் அவை மட்டுமே ஒன்பது பத்து ஆம்பியர் இழுக்கும். சாவியை முழுவதும் ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியிருந்தால் விசிறி, எரிபொருள் பம்பு, கருவிப் பலகை என்று கூடுதலாக இன்னும் இழுக்கும். மூன்று வயதைத் தாண்டிய பேட்டரி என்றால் நம் ஊர் வெப்பத்தில் ஏற்கெனவே பலம் குறைந்திருக்கும்.

செய்ய வேண்டியது இப்படி. முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். சாவி வண்டியானால் ஒரு படி மட்டும் திருப்பி, ரேடியோ போன்ற துணைக்கருவிகள் மட்டும் இயங்கும் ‘ஏ.சி.சி.’ நிலையில் வையுங்கள். பொத்தான் வண்டியானால் பிரேக்கை மிதிக்காமல் ஒரே ஒரு முறை அழுத்துங்கள். விளக்குச் சுவிட்சை ‘ஆட்டோ’விலிருந்து ‘ஆஃப்’புக்கு மாற்றுங்கள். கதவு திறந்தால் எரியும் கூரை விளக்கையும் அணைத்துவிடுங்கள். சில கார்களில் பகல்விளக்கு அணையவே அணையாது. அவற்றில் சில, கைபிரேக்கைப் போட்டால் அணைந்துவிடும். அதுவும் பலிக்காவிட்டால் கெட்டித் துணியால் மூடுங்கள். நெகிழித்தாள் வேண்டாம், சூட்டில் உருகிவிடும்.

பொத்தான் வண்டிகளில் இன்னொரு தொல்லை: கொஞ்ச நேரம் கழித்து வண்டி தானாகவே ரேடியோவை அணைத்துவிடும். பேட்டரியைக் காக்கத்தான் அப்படிச் செய்கிறது. மறுபடி அழுத்தி எழுப்பலாம். ஒவ்வொரு தடவையும் காரின் திரை வெளிச்சம் கண்ணில் குத்துவது பிடிக்காதவர்கள், உலர்மின்கலத்தில் ஓடும் கையடக்க ரேடியோ ஒன்றைக் கொண்டுபோகிறார்கள். எங்களைக் கேட்டால் அதுதான் சிறந்த வழி. முப்பது நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கும், கார் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

அப்படியும் வண்டி கிளம்பாவிட்டால் பதற்றம் வேண்டாம், பழைய டிரைவ்-இன்கள் பலவற்றில் ஜம்ப்-ஸ்டார்ட் கருவி வைத்திருப்பார்கள். கம்பி மாட்டும் வரிசையை மட்டும் மறக்காதீர்கள்: செத்த பேட்டரியின் சிவப்பு முனை, நல்ல பேட்டரியின் சிவப்பு முனை, நல்ல பேட்டரியின் கறுப்பு முனை, கடைசியாகச் செத்த வண்டியின் எஞ்சினில் பூச்சில்லாத இரும்புப் பகுதி. கடைசிக் கவ்வியைப் பேட்டரியிலேயே மாட்டினால் தீப்பொறி பேட்டரி வாயுவில் பட்டு வெடிக்க வாய்ப்புண்டு.

எங்கே நிறுத்துவது? என்ன கொண்டுபோவது?

உயரமான எஸ்.யு.வி., எம்.பி.வி. என்றால் பின்வரிசை அல்லது ஓரம். பின்கதவைத் திறந்து வைத்து மெத்தையில் சாய்ந்து பார்ப்பதாக இருந்தால், கதவு கூரை மட்டத்துக்கு மேல் தூக்காதபடி கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். பின்னால் இருப்பவரின் திரையை மறைப்பதுதான் டிரைவ்-இன்னில் மிகப் பெரிய மரியாதைக் குறைவு. முன்கண்ணாடியின் உட்புறத்தைப் போவதற்கு முன் துடையுங்கள். வெளிப்புறத்தைவிட உள்ளே படிந்த மெல்லிய படலம்தான் படத்தைக் கலங்கலாக்கும். கொசு மருந்தும் குளிருக்கு ஒரு போர்வையும் போதும். மெல்பர்னில் கோடை இரவுகூடக் குளிரும்.

நம் பெற்றோர் சொல்லும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னும் இதே வகையா?

நம் உட்லண்ட்ஸ் அல்ல, சென்னை கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம். 1962 முதல் 2008 வரை இருந்தது. மரநிழலில் காரை நிறுத்தினால் பரிமாறுபவர் வந்து கேட்டுவிட்டு, கார்க் கதவில் பொருந்தும் தட்டைக் கொண்டுவந்து மாட்டுவார். ஒரு பக்கம் கண்ணாடி இறக்கிய சன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், கீழே ஒரு முட்டு கதவில் சாய்ந்து நிற்கும். அதன்மேல் இட்லி, சாம்பார்க் கிண்ணம், டபராவில் காப்பி. தட்டு சாயாமலிருக்கக் கண்ணாடியைச் சிறிது மேலே விட்டு வைக்க வேண்டும், முழுவதும் இறக்கிவிட்டால் பிடிமானம் போய்விடும். அந்த இடம்தான் இப்போது செம்மொழிப் பூங்கா.

அமெரிக்காவில் இந்த முறை 1921இல் டல்லாஸின் பிக் ஸ்டாண்ட் கடையில் தொடங்கியது. ஏ அண்ட் டபிள்யூ அதை மலேசியாவரை கொண்டுவந்தது. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள பழைய ஏ அண்ட் டபிள்யூ டிரைவ்-இன் 1960களைச் சேர்ந்தது. சிங்கப்பூருக்கு வந்த முதல் துரித உணவுக் கடையும் அதே ஏ அண்ட் டபிள்யூதான், 1966இல். தட்டு மாட்டும் பழக்கத்தை இன்றும் காண அமெரிக்காவின் சோனிக் கடைகளுக்குப் போகலாம். சில கிளைகளில் உருளைச்சக்கரக் காலணியில் சறுக்கிக்கொண்டு வந்து தருவார்கள். அங்கே டிப்ஸ் கொடுப்பது வழக்கம். சாதாரண டிரைவ்-த்ரூ சன்னலில் தேவையில்லை.

படத்துக்கான டிரைவ்-இன் இந்தியாவிலும் உண்டு. அகமதாபாத்தில் 1973இல் தொடங்கியதில் 600க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும். குடும்பங்கள் மெத்தையும் வீட்டுச் சாப்பாடும் கொண்டுவந்து காருக்கு வெளியே விரித்து உட்காருவார்கள். மும்பையில் 2021இல் ஒரு கடைத்தொகுதியின் மேல்தளத்தில் 290 கார்களுக்கு ஒன்று திறந்தார்கள். நிலம் இல்லாத ஊருக்கு மொட்டைமாடி நல்ல யோசனை. சிங்கப்பூரில் யாராவது துணிந்தால் அந்த வழியில்தான் துணிய வேண்டும்.

டிரைவ்-த்ரூவில் ‘முன்னே போய் ஓரமாக நில்லுங்கள்’ என்கிறார்களே, ஏன்?

தரைக்குள் இருக்கும் கம்பிச்சுருளால். ஆர்டர் கம்பத்துக்கு முன்னால் தாரில் செவ்வகமாக ஒரு கோடு வெட்டி அடைத்திருப்பது கண்ணில் படும். அதற்குள் செப்புக்கம்பி ஓடுகிறது. காரின் உலோகம் மேலே வந்ததும் அதன் மின்தூண்டல் மாறும், உள்ளே பணியாளரின் காதுக்கருவியில் ‘டிங்’ என்று ஒலிக்கும், அந்தக் கணத்திலிருந்து உங்கள் காருக்கு நேரம் ஓட ஆரம்பிக்கும். கடைசிச் சன்னலில் இன்னொரு சுருள். நீங்கள் அதைத் தாண்டினால்தான் கணக்கு முடியும். எந்தக் கார் எத்தனை நொடியாக நிற்கிறது என்பதைத் திரையில் நிறம் மாறி மாறிக் காட்டிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் கேட்ட கோழி இன்னும் எண்ணெயில் இருந்தால், ஒரே காருக்காகப் பின்னால் ஆறு கார் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஓரத்துக்கு அனுப்புகிறார்கள். கோபப்பட வேண்டியதில்லை, புதிதாகப் பொரித்தது உங்களுக்குத்தான் கிடைக்கப் போகிறது.

கம்பத்தில் யாரும் பதில் சொல்லவில்லையா? நீங்கள் சுருளுக்கு முன்பே நின்றுவிட்டிருப்பீர்கள், அல்லது தாண்டிவிட்டிருப்பீர்கள். அரை மீட்டர் முன்பின் நகர்த்திப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் உலோகம் குறைவு. இரு சக்கரமும் வெட்டுக்கோட்டின் மேலேயே நிற்கும்படி நிறுத்தினால் சுருள் எளிதில் உணரும்.

ஆர்டர் சொல்லும் வரிசையும் உதவும். எத்தனை பேருக்கு என்று முதலில், பிறகு செட் மீல்கள், பிறகு தனி உருப்படிகள். மாற்றங்களை அந்தந்த உருப்படியோடே சொல்லுங்கள். ‘வெங்காயம் வேண்டாம்’ என்பதை அந்த பர்கரைச் சொன்ன கையோடு சொல்லாமல் இறுதியில் சொன்னால் எல்லா பர்கரும் வெங்காயம் இல்லாமல் வந்துவிடும்.

வெளிநாட்டில் சன்னல் எந்தப் பக்கம்?

ஓட்டுநர் பக்கம். சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜப்பான் எங்கும் வலப்பக்கம். கடை உங்கள் வலக்கையில் இருக்க, கடிகாரச் சுற்றில் வளைந்து போவீர்கள். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் எல்லாம் தலைகீழ்.

தடுமாற்றம் வளைவில்தான் வரும். இடத்தை நிதானிக்கத் தெரியாமல் கரையை விட்டு விலகி நிற்பார்கள், கை எட்டாது, கதவைத் திறக்கப் பார்ப்பார்கள், கதவு சுவரில் இடிக்கும். கரைக்கும் காருக்கும் முழங்கை நீளம், அதாவது 30–40 சென்டிமீட்டர் இருந்தால் போதும். பக்கக்கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நேராக ஊருங்கள். பின்சக்கரம் எப்போதும் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டும், அலாய் ரிம் உரசுவது அதனால்தான். கூரையில் பெட்டி மாட்டியிருந்தால் காரின் உயரம் 40 சென்டிமீட்டர் கூடும். தொங்கும் உயரத் தடுப்பிலுள்ள எண்ணைப் படித்துவிட்டு நுழையுங்கள். வரிசைக்குள் போனபின் பின்னால் எடுப்பது கடினம்.

சன்னலில் கைப்பேசியால் பணம் கட்டலாமா?

சிங்கப்பூரில் ஓடும் வண்டியில் கைப்பேசியைக் கையில் பிடிப்பதே குற்றம். முதல் தடவைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முழுவதும் நின்றபின் எடுங்கள், கட்டி முடித்து வைத்துவிட்டு நகருங்கள். வரிசையில் ஊர்ந்துகொண்டே கூப்பன் தேடுவது ஆபத்தான பழக்கம். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

பிரிட்டனில் 2022 மார்ச்சில் சட்டத்தை இறுக்கியபோது, நின்ற காரிலிருந்து டிரைவ்-த்ரூவில் தட்டிப் பணம் கட்டுவதற்கு மட்டும் வெளிப்படையாக விலக்கு தந்தார்கள். மற்றபடி அங்கே 200 பவுண்ட் அபராதமும் ஆறு புள்ளிகளும்.

ஜோகூருக்கு நம் காரில் போகிறோம். கவனிக்க வேண்டியது?

கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். குறைந்தால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை தண்டமும் விழலாம். மலேசியாவின் வி.இ.பி. எனப்படும் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக அமலில் இருக்கிறது, இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். அங்கே மஞ்சள் குழாயில் வரும் ரான்95 பெட்ரோல் நம் வண்டிகளுக்குக் கிடையாது. டிரைவ்-த்ரூவில் ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக), ‘தாக் நாக் பெடாஸ்’ (காரம் வேண்டாம்) என்று பழகிய மலாயில் சொன்னால் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தைவிடத் தெளிவாகப் போய்ச் சேரும்.

சைவமாக இருப்பவர்கள், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

உருளைக்கிழங்கு வறுவலை. பெயரைப் பார்த்துச் சைவம் என்று நம்பிவிடுகிறோம். அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்கிறது. அதைச் சரியாகத் தெரிவிக்காததற்காக இந்துக்களும் சைவ உணவாளர்களும் தொடுத்த வழக்கில் 2002இல் ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். ஒரே பெயர்ப்பலகைதான், ஆனால் நாட்டுக்கு நாடு செய்முறை வேறு. ஒலிபெருக்கியில் விசாரிப்பதை நம்பாதீர்கள், அங்கே நிற்பவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போவதற்கு முன் அந்த நாட்டு இணையப்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ‘பீஃப்’ என்று சொல்லாமல் வெறும் ‘பர்கர்’ என்றாலும் மேற்கு நாடுகளில் அது மாட்டிறைச்சிதான்.

வீடு வந்து சேர்வதற்குள் வறுவல் ஏன் நமத்துப்போகிறது?

பையை மடித்து மூடுவதால். சூட்டில் வெளிவரும் நீராவி உள்ளேயே தங்கி மொறுமொறுப்பை எடுத்துவிடும். பையின் வாயைத் திறந்தே வையுங்கள். குளிர்பானத்தை அதே பையில் போட வேண்டாம், கோப்பையில் வேர்க்கும் நீர் தாளின் அடியை நனைத்துக் கிழித்துவிடும். பை இருக்கையில் இல்லாமல், முன்பயணியின் காலடியில் இருக்கட்டும். பிரேக் போட்டாலும் சரியாது.

சூடான காப்பியில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1992இல் அமெரிக்காவின் அல்புகர்க்கியில், நின்றுகொண்டிருந்த காரில் 79 வயது மூதாட்டி கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து மூடியைத் திறந்தார். 80 டிகிரிக்கும் மேல் சூடான காப்பி மடியில் கொட்டித் தோல் ஒட்டவைக்கும் சிகிச்சை வரை போனது. வண்டி ஓடவில்லை, ஓட்டியவரும் அவரல்லர். கோப்பைத் தாங்கியில் வைத்தபிறகே மூடியைத் தொடுங்கள். தே தாரிக் பொட்டலத்துக்கும் இதே விதிதான்.

படம் முழுக்க எஞ்சினை ஓடவிட்டு ஏர்கான் போடலாமா?

சிங்கப்பூரில் நின்ற வண்டியில் காரணமில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். மற்ற நாட்டு டிரைவ்-இன்களும் எஞ்சினை நிறுத்தச் சொல்கின்றன. ஏர்கானோடு நின்றால் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குப் பெட்ரோலும் போகும், பக்கத்துக் காரில் சன்னலை இறக்கி வைத்திருப்பவர் புகையைச் சுவாசிப்பார். மேல்தள நிறுத்துமிடமானாலும் அரைச்சுவர் சூழ்ந்திருந்தால் புகை தேங்கும்.

சாப்பாடு, படம் தவிர வேறு எதற்கெல்லாம் இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் முயன்றிருக்கிறார்கள். லாஸ் வேகஸில் 1991 முதல் கார் சன்னலிலேயே திருமணம் செய்யும் ஆலயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மதுக்கடைக்குள்ளேயே கார் நுழையும். அமெரிக்காவின் லூசியானாவில் மதுபானத்தைச் சன்னலில் தருவார்கள், ஆனால் மூடி அடைபட்டு, உறிஞ்சுகுழல் குத்தாமல் இருக்க வேண்டும். குழலைக் குத்திவிட்டால் அது திறந்த பாத்திரம் என்று சட்டத்தில் ஆகிவிடும். ஜப்பானின் உவேதா நகரில் 2017இல் காரிலிருந்தபடியே அஞ்சலி செலுத்தும் வசதி வந்தது. நடக்க முடியாத முதியோருக்காகச் செய்தது, எங்களுக்கு மிகவும் பிடித்த பயன்பாடு. 2020 பிப்ரவரியில் தென் கொரியா கொவிட் பரிசோதனைக்கு இதே முறையைக் கையாண்டது, உலகம் பின்பற்றியது.

எதிர்ப்பும் உண்டு. காத்திருக்கும் கார்கள் நடைபாதையைக் குறுக்கே மறிப்பதால் மினியாபொலிஸ் நகரம் 2019இல் புதிய டிரைவ்-த்ரூ கட்டுவதையே தடைசெய்தது. நடந்து போகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான முடிவு. வெளியேறும்போது நடைபாதையின் முன் முழுவதும் நிறுத்திவிட்டுப் பிறகு நகருங்கள். பையில் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் கண் சாலையில் இருக்காது.

மின்சாரக் காரில் டிரைவ்-இன் போனால்?

நம் ஊர் வெப்பத்துக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. புகை கிடையாது, ஏர்கான் தடையின்றி ஓடும். வண்டி குளிர்ந்தபின் ஏர்கானுக்கு மணிக்கு ஒரு கிலோவாட்-மணி அளவே போகும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு மூன்று கிலோவாட்-மணிக்குள் முடிந்துவிடும். 60 கிலோவாட்-மணி பேட்டரியில் அது இருபதில் ஒரு பங்கு. ‘யூட்டிலிட்டி’, ‘கேம்ப்’ என்று பெயருள்ள நிலையில் வைத்தால் வண்டி தானாக அணையாது.

இரண்டு விஷயங்களை மட்டும் வீட்டிலேயே சரிபாருங்கள். சில மின்சாரக் கார்களில் ரேடியோவே கிடையாது, இணையத்தில்தான் பாட்டு வரும். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்குக் கையடக்க ரேடியோ கட்டாயம். நடுத்திரையை முழுவதும் அணைக்கும் வழி மெனுவில் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், மடித்த கறுப்புத் துண்டு ஒன்றை மேலே போட்டு விடுங்கள்.